செப்டம்பர் 10: பூந்தமல்லி சாலையும் ஆவடி டேங்க்கும்

பூந்தமல்லியில் பேரம்பாக்கம் பஸ் ஏறினால், தண்டலம் கூட்ரோட்டில் பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டு வலது பக்கம் திரும்பும். அப்புறம் வயலும் ஏரிக்கரையும்தான். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். சுவாதி நட்சத்திரத்தன்று மட்டும் நரசிங்கபுரம் கோயில் கூட்டம் சேரும். இந்தப் பேரம்பாக்கத்துக்கும் அதன் தென்மேற்கே இருக்கும் புள்ளலூருக்கும் நடுவில்தான், 1780-ம் வருஷம் செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை காலையில், கிழக்கிந்தியக் கம்பெனி அதுவரை இந்தியாவில் கண்டிராத அடியை வாங்கியது.

'வரலாற்றில் இன்று' என்று பத்திரிகைகள் போடும் சின்னப் பெட்டியில் செப்டம்பர் 10-க்குச் சரக்கு ஏராளம். 1813-ல் அமெரிக்கக் கப்பல்கள் ஈரி ஏரியில் பிரிட்டிஷ் கப்பல்களை மடக்கிப் பிடித்தன. 1939-ல் கனடா ஜெர்மனிமீது போர் அறிவித்தது. 2020-ல் முதல் ஐந்து ரஃபேல் விமானங்கள் அம்பாலாவில் நம் விமானப்படையில் சேர்ந்தன. இவற்றை ஒரே பெட்டியில் வைப்பதற்குத் தேதியைத் தவிர வேறு காரணம் கிடையாது.

சென்னையின் மேற்குப் புறத்தில் நின்றுகொண்டு அதே தேதியைப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் மாறுகிறது. 1746, 1780, 1914, 1965 என்று நான்கு செப்டம்பர் 10-கள் இந்த ஊர்களோடு ஏதோ ஒரு வகையில் உறவு கொண்டாடுகின்றன. நான்கையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்தப் பெட்டியின் குறையும் தெரிந்துவிடுகிறது. முடிவு வெளியே தெரிந்த நாளை அது சொல்லும். முடிவு உறுதியான நாளைச் சொல்லாது. புள்ளலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லி செப்டம்பர் 10-ல் தோற்றார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. என்னைக் கேட்டால், ஆகஸ்ட் 25-ம் தேதி கொசஸ்தலை ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தபோதே அவர் தோற்றாகிவிட்டது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியாகச் சமவெளியில் இறங்கினார். கூட வந்த படை எண்பதாயிரத்துக்கு மேல் என்பார்கள். ஊர்கள் எரிந்தன. காஞ்சிபுரம் சூறையாடப்பட்டது, குதிரைக்காரர்கள் பரங்கிமலை வட்டாரம் வரைக்கும் வந்து போனார்கள். சென்னைக்கு மைசூர்க் குதிரை புதிதல்ல. 1767-ல் மீசை அரும்பும் வயதிலேயே ஹைதரின் மகன் திப்பு நகரத்தின் ஓரத்தைக் கலக்கிவிட்டுப் போயிருந்தார். 1769-ல் ஹைதரே கோட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் உதவ வேண்டும் என்று உடன்படிக்கை எழுதி வாங்கினார். பிறகு மராத்தியர் மைசூர்மீது பாய்ந்தபோது கம்பெனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1780-ல் அவர் அந்தப் பழைய கணக்கோடுதான் வந்தார்.

கம்பெனிப் படைக்குத் தலைமை ஹெக்டர் மன்றோ. தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு ஆள். அவர் அந்த வருஷம் ஜனவரியில்தான் படையில் சின்ன உத்தியோகத்துக்குக் கப்பலில் வந்து இறங்கியிருந்தார், இதே போரில்தான் தொழில் கற்றுக்கொண்டார். ஹெக்டர் மன்றோ 1764-ல் பக்சாரில் ஜெயித்த பெரியவர். ஜெயித்தவர்களுக்கு வரும் தைரியம் அவருக்கும் இருந்தது. எல்லாப் படைகளும் பரங்கிமலையில் சேரட்டும், பிறகு பார்க்கலாம் என்று மெக்லியாட் பிரபு சொன்னதை அவர் கேட்கவில்லை. கூடும் இடம் காஞ்சிபுரம் என்று முடிவு செய்தார். ஹைதரின் படை சுற்றித் திரியும் இடத்தின் நட்டநடுவில் இருக்கிற ஊர் அது.

வில்லியம் பெய்லி குண்டூரிலிருந்து சுமார் 2,800 பேரோடு தெற்கே வந்துகொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆகஸ்ட் 25-ல் கொசஸ்தலை ஆற்றை அடைந்தார். நமக்குப் பழகிய ஆறுதான் இது. இன்று பூண்டியில் தேங்கி, தாமரைப்பாக்கம் அணைக்கட்டு தாண்டி எண்ணூரில் கடலில் சேர்கிறது. வருஷத்தில் பல மாதம் மணலாகத்தான் கிடக்கும். மேற்கே மழை அடித்தால் ஒரே ராத்திரியில் கரை புரளும். பூண்டியில் மதகைத் திறக்கிறார்கள் என்றால் கரையோர கிராமங்களுக்கு இன்றும் எச்சரிக்கை விடுக்கிறார்கள்.

பெய்லி போய்ச் சேர்ந்த அன்று ஆற்றைச் சுலபமாகத் தாண்டியிருக்கலாம். தாண்டிவிட்டு அக்கரையில் இறங்கியிருந்தால் கதை வேறு. அவர் வடகரையிலேயே கூடாரம் அடித்தார். ராத்திரி வெள்ளம் வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் படை கரையிலேயே உட்கார்ந்திருந்தது. ஆறு வடிந்து அவர் தாண்டியபோது செப்டம்பர் பிறந்துவிட்டது. அந்த ஒரு வாரத்தில் ஹைதர் தன் மகன் திப்புவைப் பெரும் குதிரைப்படையோடு பெய்லியை மறிக்க அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் 6-ல் பேரம்பாக்கத்தில் திப்பு மறித்தார். பெய்லி சமாளித்துவிட்டார், ஆனால் அதற்குமேல் அவரால் நகர முடியவில்லை. காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோவுக்கும் அவருக்கும் நடுவில் 14 மைல்தான். பீரங்கிச் சத்தம் காதில் விழும் தூரம். மன்றோ முழுப்படையோடு கிளம்பிப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை? கொஞ்சநஞ்சம் சேர்த்த அரிசியைக் காஞ்சிபுரம் கோயிலுக்குள் அடுக்கி வைத்திருந்தார். தான் நகர்ந்தால் ஹைதர் அரிசியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தார். கோயிலில் கிடந்த அரிசி மூட்டைகள் ஒரு படையைக் கட்டிப்போட்டன. இந்தச் செய்தி போர்ப்படங்களில் வராது, ஆனால் போரின் பாதி இதுதான்.

பெய்லிக்கு உதவியாகக் கர்னல் ஃப்ளெட்சர் தலைமையில் சுமார் ஆயிரம் பேரை மட்டும் மன்றோ ராத்திரியில் அனுப்பினார். வழிகாட்ட வந்தவர்கள்மீது ஃப்ளெட்சருக்குச் சந்தேகம். அவர்கள் காட்டிய வழியை விட்டு வேறு வழியில் சுற்றிப் போனார், அதனாலேயே தப்பித்துப் போய்ச் சேர்ந்தார். வழிகாட்டிகள் ஹைதரின் ஆட்கள். இருபக்க ஒற்றர் வேலையில் ஹைதரை மிஞ்ச ஆள் இல்லை. மன்றோவின் முகாமில் காலையில் பேசியது சாயங்காலம் அவர் காதுக்குப் போய்விடும்.

9-ம் தேதி ராத்திரி இரு பிரிவும் சேர்ந்து காஞ்சிபுரம் நோக்கிக் கிளம்பின. கொஞ்ச தூரம் போனதும் இருட்டில் அங்கங்கே தாக்குதல். பெய்லி படையை நிறுத்தினார், விடிந்ததும் போகலாம் என்றார். ஏன் நிறுத்தினார் என்பதற்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை. விடியும்போது அவரைச் சுற்றித் திப்புவின் படை மட்டுமல்ல, ஹைதரின் முழுப்படையும் நின்றது.

அன்று நடந்ததை நேரில் பார்த்ததுபோலக் காட்டும் படம் ஒன்று இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகையில் மேற்குச் சுவர் முழுக்கத் தீட்டியது. நடுவில் சிவப்புக் கோட்டு போட்ட சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். சதுரத்துக்குள் பல்லக்கில் பெய்லி. பக்கத்தில் மருந்து வண்டி வெடித்து நெருப்பும் புகையுமாகக் கிடக்கிறது. நான்கு புறமும் வாளை ஓங்கிக்கொண்டு குதிரைக்காரர்கள். ஓவியர் யாருடைய கட்சி என்பது பார்த்த உடனே தெரியும். ஆனால் அந்த மருந்து வண்டியை நடுவில் தீட்டியவருக்குப் போர் தெரிந்திருக்கிறது. இரும்புக் குழாயில் மருந்து அடைத்து மூங்கிலில் கட்டி விட்ட மைசூர் ராக்கெட்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் சீறிக்கொண்டிருந்தபோது, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அத்தோடு பெய்லியின் பீரங்கிகள் வாயடைத்தன. அப்புறம் நடந்தது வெட்டு.

வெள்ளை அதிகாரிகள் 86 பேரில் 36 பேர் செத்தார்கள், 34 பேர் காயம்பட்டார்கள், மிச்சம் 16 பேர் காயமில்லாமல் பிடிபட்டார்கள். இந்தக் கணக்கை ஆங்கிலேயர் துல்லியமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று அதிகம் செத்தவர்கள் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அவர்களுக்குத் தோராயக் கணக்குதான்.

சேதி தெரிந்ததும் மன்றோ கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையைப் பார்த்து ஓடினார். பக்சார் பெருமை அதே குளத்தில் போனது. ஹைதர் துரத்திப் போயிருந்தால் சென்னை தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். அவர் ஆற்காட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். வங்காளத்திலிருந்து தளபதி ஐர் கூட் கப்பலில் வந்து சேர நவம்பர் ஆனது. பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார். அவரோடு பிடிபட்ட டேவிட் பேர்ட் பல வருஷம் அங்கே கிடந்து வெளியே வந்தார். 1799-ல் அதே கோட்டையை உடைத்து நுழைந்த படைக்கு அவர்தான் தலைவர்.

புள்ளலூருக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் இரண்டு கூம்புத் தூண்களைப் பார்த்துவிட்டு 1780 நினைவுச்சின்னம் என்று படம் போடுகிறார்கள். அவை மறுவருஷம், 1781 ஆகஸ்ட் 27-ல் அதே மண்ணில் நடந்த இன்னொரு சண்டையில் செத்த இரண்டு அதிகாரிகளுக்கானவை. முதல் சண்டைக்குக் கல் நடும் நிலையில் கம்பெனி இல்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவனும் பகைவர்களை இந்தப் புள்ளலூரில்தான் அழித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. காஞ்சிக்கு வடக்கே இருந்து வருகிற எந்தப் படைக்கும் இது வாசற்படி.

இல்லாமல் போன செப்டம்பர் 10

புள்ளலூருக்கு 34 வருஷம் முன்னால், 1746 செப்டம்பர் 10-ல், ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்தது. மொரீஷியஸிலிருந்து கப்பல்களோடு வந்த லபூர்தொனே சில நாள் குண்டு போட்டதற்கே கவர்னர் நிக்கோலஸ் மோர்ஸ் கைதூக்கிவிட்டார். கோட்டையில் இருந்த சிப்பாய்கள் சுமார் 300, சண்டைக்கு லாயக்கானவர்கள் அதிலும் குறைவு. வருஷக்கணக்கில் துணி வியாபாரத்தைக் கவனித்தவர்கள் மதிலைக் கவனிக்கவில்லை. பிடிபட்டவர்களில் கணக்கெழுதும் பையன் ஒருவன் வேஷம் மாற்றிக்கொண்டு கடலூருக்குத் தப்பினான். அவன் பெயர் ராபர்ட் கிளைவ்.

இதில் ஒரு வேடிக்கை. சரணடைந்தவர்களுக்குத்தான் அன்று செப்டம்பர் 10. ஜெயித்தவர்களுக்கு அது செப்டம்பர் 21. பிரெஞ்சுக்காரர் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள், பிரிட்டன் பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். பாண்டிச்சேரியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கோ அது அட்சய வருஷம் புரட்டாசி மாதம். ஒரே நாளுக்கு மூன்று தேதி.

பிரிட்டன் கடைசியில் 1752-ல் வழிக்கு வந்தது. செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று சட்டம் போட்டார்கள். ராஜாவின் ஆசிய உடைமைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆக, 1752-ல் ஜார்ஜ் கோட்டைக் கணக்கில் செப்டம்பர் 10 என்ற நாளே கிடையாது. 'வரலாற்றில் இன்று' பெட்டிக்காரர்கள் இந்த ஒரு வருஷத்துக்காவது லீவு எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சரணாகதியின் விளைவு கோட்டைக்கு மேற்கே தெரிந்தது. அன்றைய மதராஸ் கடலோரத் துண்டு நிலம். பூந்தமல்லி உட்பட அதற்கு மேற்கே இருந்ததெல்லாம் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கானின் நாடு. கோட்டையைத் தனக்குத் தருவதாகச் சொன்ன பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே சொல் தவறியதும் நவாப் தன் மகன் மஃபூஸ் கானைப் பெரும் படையோடு அனுப்பினார். அடையாறு ஆற்றங்கரையில் பிரெஞ்சு கேப்டன் பாரடிஸின் சில நூறு பேர் அந்தப் படையைச் சிதறடித்தார்கள். துப்பாக்கிப் பயிற்சி பெற்ற சின்னக் கூட்டம் பெரிய குதிரைப்படையை ஓடவிடும் என்பது ஐரோப்பியருக்கு அன்றுதான் உறைத்தது. 34 வருஷம் கழித்துப் புள்ளலூரில் ஹைதர் அந்த நம்பிக்கையைத்தான் உடைத்தார்.

சென்னை 1749-ல் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது, போரில் ஜெயித்ததால் அல்ல. ஐரோப்பாவில் போட்ட உடன்படிக்கையில், கனடாவில் இருக்கும் லூயிஸ்பர்க் கோட்டைக்கு மாற்றாகக் கொடுத்தார்கள்.

சோப்பு ஏற்றி வந்த கப்பல்

1914 கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதன் பின்பாதி எல்லாருக்கும் தெரியும். செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சுமார் 130 குண்டுகள் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஊர் காலியானது. கெட்டிக்காரனையும் அடாவடிக்காரனையும் நாம் 'எம்டன்' என்று சொல்ல ஆரம்பித்தோம்.

முன்பாதி செப்டம்பர் 10. வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து சில நாள் வெறுமனே சுற்றிய எம்டனுக்கு அன்றுதான் முதல் பிரிட்டிஷ் கப்பல் சிக்கியது. 'இண்டஸ்' என்ற அந்தக் கப்பல் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு, இந்தியத் துருப்புகளை ஏற்றப் போய்க்கொண்டிருந்தது. எம்டனில் சோப்பு தீர்ந்துபோயிருந்த நேரம். இண்டஸில் பெட்டி பெட்டியாகச் சோப்பு இருந்தது. மாலுமிகள் கொண்டாடிவிட்டார்கள். எம்டனின் கேப்டன் முல்லர் ஆட்களை இறக்கிக்கொண்டு கப்பலை மூழ்கடித்தார்.

எம்டன் தொடர்ந்து ஓடியதே இப்படிப் பிடித்த கப்பல்களின் நிலக்கரியாலும் சாப்பாட்டாலும்தான். அதற்கு ஊர் கிடையாது, துறைமுகம் கிடையாது, எதிரிதான் கிடங்கு. இந்த விரிகுடாவில் ஒரு ஜெர்மானியக் கப்பல் திரிகிறது என்பது சில நாளிலேயே தெரிந்துவிட்டது. அப்படியும் 22-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

கரும்புக்குள் பேட்டன்

1965 செப்டம்பர் 10, வெள்ளிக்கிழமை. இந்த இடம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பஞ்சாபில் கேம்கரன் பகுதி. ஆனால் ஆவடிக்காரர்களுக்கு இதில் பாத்தியதை உண்டு.

பாகிஸ்தானிடம் அமெரிக்கா கொடுத்த பேட்டன் டேங்க்குகள் இருந்தன. அவர்களுடைய முதலாம் கவசப்படைப் பிரிவு கேம்கரன் வழியாக நுழைந்து, பியாஸ் பாலத்தைப் பிடித்து, அமிர்தசரஸைத் துண்டிக்கத் திட்டம் போட்டது. எதிரே மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் நாலாவது மலைப்பிரிவு. முதல் நாள் தாக்குதலில் அடிவாங்கிப் பின்வாங்கிய பிரிவு அது. அவருக்குத் துணை பிரிகேடியர் தாமஸ் தியாகராஜின் இரண்டாவது கவசப் பிரிகேட். பியாஸ் ஆற்றுக்குப் பின்னால் வந்துவிடலாமே என்று ராணுவத் தலைமைத் தளபதி சொன்னதாகவும் தான் மறுத்ததாகவும் மேற்குப் பிராந்தியத் தளபதி ஹர்பக்ஷ் சிங் பின்னாளில் எழுதினார்.

அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாடம்போல வளைத்து உட்கார்ந்தார்கள். வாய்க்காலை உடைத்து வயலில் தண்ணீர் விட்டார்கள். கரும்பு ஆளுயரத்துக்கு நின்றது. டேங்க்குகள் அதற்குள் ஒளிந்தன. பேட்டன்கள் சேற்றில் இறங்கின, சக்கரச் சங்கிலி மாட்டிக்கொண்டது, பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நின்றன. சில டேங்க்குகளை எஞ்சின்கூட அணைக்காமல் போட்டுவிட்டு ஓடினார்கள். இந்தியக் கணக்குப்படி 97 பாகிஸ்தான் டேங்க்குகள் அந்த வட்டாரத்தில் போயின. பிடிபட்டவற்றை பிக்கிவிண்டில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள், இடத்துக்கே பேட்டன் நகர் என்று பெயர் வந்தது.

அன்று காலை சீமா கிராமத்துக்கு முன்னால், நாலாவது கிரெனேடியர் பட்டாலியனின் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் துப்பாக்கியோடு நின்றார். உத்தரப் பிரதேசத்தில் காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூர்க்காரர், வயது 32. ஜீப்புக்குக் கவசம் கிடையாது. சுட்டதும் துப்பாக்கியின் பின்பக்கம் கிளம்பும் தீயும் புழுதியும் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒரு குண்டு, உடனே இடமாற்றம், மறுபடி ஒரு குண்டு. அவர் தகர்த்த டேங்க்குகளின் எண்ணிக்கையில் பாராட்டுரை சொல்வது ஒன்று, பின்னால் வந்த புத்தகங்கள் சொல்வது இன்னொன்று. கடைசியில் ஒரு டேங்க்கும் அவரும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்துவிட்டார்கள். பரம்வீர் சக்ரா சில நாளிலேயே அறிவிக்கப்பட்டது.

ஆவடிக்குப் பாத்தியதை எங்கே வருகிறது? அன்று அங்கே நம் பக்கம் நின்ற டேங்க்குகளைப் பாருங்கள். பிரிட்டிஷ் சென்சூரியன், இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க ஷெர்மன், பிரெஞ்சு ஏஎம்எக்ஸ். எல்லாம் வெளியூர்ச் சரக்கு. உள்ளூரில் செய்த டேங்க் ஒன்றுகூட அந்தக் கரும்புத் தோட்டத்தில் இல்லை. இங்கே ஆவடியில் தொழிற்சாலை எழும்பியிருந்தது, முதல் விஜயந்தா டேங்க் வெளியே வர இன்னும் சில மாதம் பாக்கி இருந்தது.

டேங்க் ஃபேக்டரி

கனரக வாகனத் தொழிற்சாலையை ஆவடியில் எச்.வி.எஃப் என்பார்கள், வயதானவர்கள் 'டேங்க் ஃபேக்டரி' என்பார்கள். இரண்டாம் உலகப்போரில் ராணுவக் கிடங்காக இருந்த மண். 1955-ல் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று காங்கிரஸ் மகாநாட்டில் தீர்மானம் போட்ட மண். 1961-ல், கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, விஜயந்தாவுக்காக பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது. சீனப்போருக்கு முந்தைய வருஷம் அது. 1965-ல் ஜெயித்ததால் வந்த ஆலை இல்லை இது, 1965 வரும் என்று தெரியாமலே ஆரம்பித்த வேலை. முதல் விஜயந்தாக்கள் இங்கிலாந்திலேயே தயாராகி வந்தன. 1965 கடைசிக்குள் ஆவடியில் பாகங்களைக் கோத்து முதல் வண்டியை வெளியே விட்டார்கள். லேலண்ட் எஞ்சின் அடிக்கடி மக்கர் செய்யும் என்ற புகார் உண்டு. ஆனாலும் 1980-கள் வரை இரண்டாயிரத்துக்கு மேல் செய்தார்கள்.

அதற்குப் பக்கத்திலேயே, 1964-ல், அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. லேத்துப் பட்டறைகள், வார்ப்படக் கூடங்கள், ரப்பர் சாமான் செய்பவர்கள். டேங்க் என்று வெளியே தெரிகிற ஒன்றுக்குள் ஆயிரக்கணக்கான சாமான்கள் இருக்கின்றன. சீல் ஒன்று கசிந்தாலும் 40 டன் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இந்தச் சிறிய பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்குத் தாங்கள் போட்ட ஆணி எந்தப் பாலைவனத்துக்குப் போனது என்று தெரியவே தெரியாது.

ஆவடியில் நாள் எப்படிப் போகும் என்பதைச் சொல்ல வேண்டும். கனத்த கவசத் தகடுகளை வெட்டி, வெல்டிங் வைத்து முதலில் அடிக்கூடு தயாராகும். தடித்த தகட்டில் வெல்டிங் என்பது ஒரே மூச்சில் இழுக்கிற காரியமில்லை. சூடேற்றி, ஒரு வரி போட்டு, கசடு தட்டி, அடுத்த வரி. விரிசல் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று சோதனை. பிறகு டரெட் உட்காரும் வட்டத்தைக் கடைவார்கள். அதில் மயிரிழை பிசகினால் மேல்கூடு சுற்றாது. எஞ்சின் பக்கத்திலேயே இருக்கும் எஞ்சின் ஃபேக்டரியிலிருந்து வரும். டி-72 அஜேயாவுக்கு 780 குதிரைசக்தி, டி-90 பீஷ்மாவுக்கு 1,000. கடைசியில் ஓட்டிப் பார்த்து, குறை எழுதி, மறுபடி பிரித்து, மறுபடி ஓட்டி, ரயில் வேகனில் ஏற்றுவார்கள். அர்ஜுன் டேங்க் மட்டும் அகலம் அதிகம், அதற்கென்று தனி வேகன். படையில் பல வருஷம் ஓடித் தேய்ந்த டி-72-கள் இதே ரயில் பாதையில் ஓவராலுக்குத் திரும்பி வரும், புதுசாகப் போவதைவிடப் பழசாக வந்து போவதில் ஆலைக்கு வேலை அதிகமாக இருந்த காலங்களும் உண்டு.

இந்த வேலை எதுவும் எந்தத் தேதிப் பெட்டியிலும் ஏறாது. ஏறுவதெல்லாம் விழா நாட்கள். 2009 ஆகஸ்டில் உள்நாட்டில் செய்த முதல் பத்து டி-90-கள் ஒப்படைப்பு. 2021 பிப்ரவரி 14-ல் சென்னையில் பிரதமர் அர்ஜுன் மார்க் 1ஏ டேங்க்கை ராணுவத் தளபதி நரவணேயிடம் ஒப்படைத்த விழா. வருஷாவருஷம் மார்ச் 18 படைக்கலத் தொழிற்சாலை தினம். 1802-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் காசிப்பூர் ஆலை உற்பத்தி தொடங்கிய நாள் அது. ஆவடியில் டேங்க்கைப் பார்க்கக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

விழா எடுக்காத ஒரு தேதி 2021 அக்டோபர் 1. அன்று நாட்டின் 41 படைக்கல ஆலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. எச்.வி.எஃப்-பும் எஞ்சின் ஃபேக்டரியும் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்துக்குப் போயின. சீருடை தைக்கும் ஆவடி உடைத் தொழிற்சாலை கான்பூர் நிறுவனம் ஒன்றின் கீழ் போனது. சுமார் 70,000 பேர் அரசு ஊழியர்களா, கம்பெனி ஊழியர்களா என்ற கேள்வியோடு அந்த வெள்ளிக்கிழமை விடிந்தது. தேதியை நினைவு வைத்திருப்பவர்கள் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் மட்டும்தான். தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன, அதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்று பேச இன்னொரு கட்டுரை வேண்டும். ஆனால் ஆவடி கடைத்தெருவில் அன்று பேசப்பட்டதெல்லாம் பென்ஷனைப் பற்றித்தான் இருந்திருக்கும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம்.

அர்ஜுன் விஷயத்துக்கு வருவோம். 1974-ல் அனுமதி கிடைத்த திட்டம். ஆவடியில் இருக்கும் போர் வாகன ஆராய்ச்சிக் கூடமான சி.வி.ஆர்.டி.இ வடிவமைத்தது. முதல் 124 வண்டிகள் படையில் சேர முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது, கேலி பேசாத பத்திரிகை கிடையாது. கேலியில் பாதி நியாயம். பாதி, டேங்க் செய்வது மிக்ஸி செய்வதுபோல என்று நினைத்தவர்களுடையது. 2021 செப்டம்பர் 23-ல் 118 மார்க் 1ஏ வண்டிகளுக்கு ரூ.7,523 கோடி ஆர்டர் வந்தது. ஆலையில் தகடு இருக்கிறது, வெல்டர் இருக்கிறார். எஞ்சின் ஜெர்மனியின் எம்.டி.யூ கம்பெனியிலிருந்து வர வேண்டும். அதில்தான் இழுபறி.

கோயிலில் கிடந்த அரிசிக்காக மன்றோ நகராமல் இருந்ததைப் பார்த்துச் சிரிக்கிறோம். 68 டன் வண்டி எஞ்சினுக்காகக் காத்திருப்பதும் அதே ஜாதி விஷயம்தான். இதற்கு மாற்று தேடும் வேலையும் ஆவடியில் நடக்கிறது. சி.வி.ஆர்.டி.இ-யின் 1,500 குதிரைசக்தி எஞ்சின், வருங்கால டேங்க்குகளுக்கானது, 2024 மார்ச் 20-ல் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது. இயக்கிய இடம் மைசூரு, பி.இ.எம்.எல் ஆலை. ஹைதர் படை கிளம்பி வந்த நாட்டிலிருந்து பூந்தமல்லிப் பக்கம் இந்தத் தடவை எஞ்சின் வர வேண்டும். அது ஒரு டேங்க்குக்குள் உட்கார்ந்து ஓடிக் காட்ட இன்னும் பல கட்டச் சோதனைகள் இருக்கின்றன.